ஊட்டி மலை ரயிலை மாநில அரசுக்கு மாற்ற முடியுமா?

கேள்வி: குன்னூரில் குடியிருப்போர் சங்கம் நடத்துகிறோம். மழையில் பாதை மூடினால் எப்போது திறக்கும் என்று சொல்ல ஆளில்லை. உள்ளூர்க்காரர்களுக்குத் தோதான நேரத்தில் வண்டியும் இல்லை. மலை ரயிலைத் தமிழ்நாடு அரசிடம் ஒப்படைக்கச் சொல்லி மனு எழுதப் போகிறோம். சட்டத்தில் இடமிருக்கிறதா? யாருக்கு அனுப்புவது?

பதில்: இடம் இருக்கிறது, ஆனால் குறுகிய சந்து. அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில், நாடாளுமன்றம் மட்டுமே சட்டம் போடக்கூடிய மத்தியப் பட்டியலின் 22ஆம் இனம் 'ரயில்வே' என்ற ஒற்றைச் சொல்லோடு முடிந்துவிடுகிறது. அதற்கு முன் இருந்த 1935ஆம் ஆண்டுச் சட்டம் 'சிறு ரயில்வேக்களை' சில நிபந்தனைகளோடு மாகாணங்களுக்கு விட்டிருந்தது. 1950இல் அதுவும் போயிற்று. மிச்சம் இருப்பது அரசியலமைப்பின் 366ஆம் பிரிவின் 20ஆவது உட்பிரிவு. முழுக்க ஒரே மாநிலத்துக்குள் இருக்கும் ஒரு பாதையை, 'இது ரயில்வே அல்ல' என்று நாடாளுமன்றம் சட்டம் போட்டு அறிவிக்கலாம். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை 46 கிலோமீட்டரும் தமிழ்நாட்டுக்குள்தான் என்பதால் அந்த வழி உங்களுக்குத் திறந்திருக்கிறது. ஆனால் சட்டமன்றத் தீர்மானமோ முதல்வரின் கடிதமோ மட்டும் போதாது. டெல்லியில் மசோதா வர வேண்டும்.

இந்தப் பாதை கைமாறுவது புதிதல்ல. முதலில் எடுத்த கம்பெனி வேலை முடியுமுன்பே 1894இல் நொடித்துப்போனது. அடுத்து வந்த கம்பெனி 1899இல் குன்னூர் வரை திறந்தது. 1903இல் அரசாங்கம் விலைக்கு வாங்கியது, ஆனால் வண்டியை ஓட்டியது மெட்ராஸ் ரயில்வே கம்பெனி. 1908இல் அது தென்னிந்திய ரயில்வே கம்பெனியிடம் போனது, பாதை ஊட்டியைத் தொட்டதும் அதே ஆண்டில்தான். 1951இல் தெற்கு ரயில்வே. சொந்தக்காரர் ஒருவர், ஓட்டுபவர் இன்னொருவர் என்பது அந்தக் காலத்தில் வெகு சாதாரணம்.

தஞ்சாவூர்ப் பக்கம் கதை இன்னும் சுவாரசியம். மாயவரத்திலிருந்து திருவாரூர், திருத்துறைப்பூண்டி வழியாக முத்துப்பேட்டைக்குப் போன பாதை 1894இல் திறந்தது. போட்டது லண்டன் கம்பெனியும் அல்ல, கல்கத்தா சர்க்காரும் அல்ல, தஞ்சாவூர் ஜில்லா போர்டு. மிராசுதார்களும் குடியானவர்களும் நிலவரியோடு சேர்த்துக் கட்டிய செஸ் பணம் அது. இன்றைய மாவட்ட ஊராட்சி ஒன்று ரயில் பாதைக்குச் சொந்தக்காரராக இருப்பதை யோசித்துப் பாருங்கள்! ஆனாலும் இன்ஜின், கார்டு, டிக்கெட் எல்லாம் தென்னிந்திய ரயில்வே கம்பெனியுடையது. போர்டு சொந்தமாக ஓட்டவில்லை. ஒப்பந்தம் போட்டு ஓட்டவைத்தது. உங்கள் மனுவுக்கு முன்மாதிரி வேண்டுமென்றால் இதைத்தான் எடுத்துக்கொள்வேன்.

ஏனென்றால் முழு உரிமை கேட்பது நல்ல யோசனையாக எனக்குப் படவில்லை. கல்லாறைத் தாண்டியதும் தண்டவாளங்களின் நடுவே இரண்டு பல்சட்டங்கள் பக்கத்தில் பக்கத்தில் ஓடும், கவனித்திருப்பீர்கள். ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதில் பள்ளம் இருக்கும். இன்ஜினின் பல்சக்கரம் எப்போதும் ஏதோ ஒரு பல்லைக் கவ்விக்கொண்டே ஏறும். அந்த நீராவி இன்ஜினுக்கு உதிரிபாகம் கடையில் கிடைக்காது, பொன்மலைப் பணிமனையில்தான் செய்ய வேண்டும். பணிமனையும் ரயில்வேயுடையது. பாதையை மட்டும் வாங்கிவிட்டு, ஒவ்வொரு திருகுக்கும் விட்ட வீட்டு வாசலிலேயே போய் நிற்பதா? அப்புறம் ஐப்பசி மழையில் பாறை உருண்டால் தூக்கும் செலவும் மாநிலத்தின் தலையில். 2005இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்திருக்கும் பாதை என்பதால், நினைத்தபடி மாற்றவும் முடியாது.

சரி, வேறு என்ன கேட்கலாம்? கூட்டு நிறுவனம் ஒரு வழி. கொங்கண் ரயில்வே 1990இல் அப்படித்தான் அமைந்தது. தொடக்கப் பங்குகளில் மத்திய ரயில்வே அமைச்சகத்துக்கு 51, மகாராஷ்டிரத்துக்கு 22, கர்நாடகத்துக்கு 15, கேரளத்துக்கும் கோவாவுக்கும் தலா 6 விழுக்காடு. இன்னொன்று, அரசியலமைப்பின் 258ஆம் பிரிவு. மாநிலத்தின் சம்மதத்தோடு மத்திய அரசின் ஒரு குறிப்பிட்ட பணியைக் குடியரசுத் தலைவர் மாநிலத்திடம் ஒப்படைக்கலாம். பாதை அவர்களுடையதாகவே இருக்க, சில வேலைகள் மட்டும் இங்கே வரும்.

ஆனால் உங்கள் குறைகளைப் பார்த்தால் இவ்வளவு தூரம் போகவே வேண்டியதில்லை. குன்னூர்–ஊட்டிப் பகுதியில் பல்சட்டம் கிடையாது, டீசல் இன்ஜினே இழுக்கிறது. கீழ்ப்பகுதியோடு ஒப்பிட்டால் அங்கே உள்ளூர் வண்டியின் நேரத்தை மாற்றுவது எளிது. அதைத் தனி மனுவாக எழுதி, சேலம் கோட்ட ரயில்வே மேலாளருக்கு அனுப்பி, தெற்கு ரயில்வே பொது மேலாளருக்கும் உங்கள் எம்.பி.க்கும் நகல் வையுங்கள். பெரிய கோரிக்கையை ரயில்வே வாரியத்துக்கும் தமிழ்நாடு தலைமைச் செயலாளருக்கும் வேறாக அனுப்புங்கள். இரண்டையும் ஒரே தாளில் போட்டால், 'கொள்கை முடிவு' என்று சொல்லி நேரப்பட்டியலையும் சேர்த்துக் கட்டி வைத்துவிடுவார்கள்.

அதற்கும் முன்னால், 10 ரூபாய் போஸ்டல் ஆர்டர் இணைத்துச் சேலம் கோட்டத்துக்குத் தகவல் உரிமை மனு ஒன்று போடுங்கள். கடந்த ஐந்து ஆண்டுகளில் கல்லாறு–குன்னூர்ப் பாதை மூடிய தேதி, திறந்த தேதி, காரணம், பாதையின் ஆண்டு வரவு, செலவு. கேள்விக்கு ஒரு வரி போதும். பதில் வந்த பிறகு மனுவை எழுத உட்காருங்கள்.