பிஸாரோவின் நீல நிழல்கள்: கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பிரெஞ்சு ஓவியர் கமீல் பிஸாரோவின் 'உறைபனி' ஓவியத்தை ஆயில் வண்ணத்தில் பிரதி எடுக்கிறேன். வயலின் குறுக்கே ஓடும் நீலப் பட்டைகள் என்ன? அங்கே மரமே இல்லையே. நான் தீட்டினால் வயல் சேறாகிவிடுகிறது.

ஓர் ஓவிய மாணவர்

அன்புள்ள நண்பருக்கு,

அவை நிழல்கள். மரங்கள் சட்டகத்துக்கு வெளியே நிற்கின்றன. 1874-இல் பாரிஸ் கண்காட்சியில் இதைப் பார்த்த விமர்சகர் காஸ்தன்யாரி, படத்தில் இல்லாத மரங்களின் நிழலை வரைந்தது பெரும் பிழை என்றார். இன்னொரு விமர்சகர் லூயி லெருவா உழவுசால்களையே வண்ணத்தட்டிலிருந்து சுரண்டிப் போட்ட வண்ணம் என்று கேலி செய்தார். ஆனால் அந்த நிழல்களை எடுத்துவிட்டால் இந்தப் படத்தில் நிலத்தின் மேடுபள்ளமே தெரியாது.

1873-இல் பாரிஸுக்கு அருகிலுள்ள பொந்துவாஸில், என்னெரி என்ற ஊருக்குப் போகும் பழைய சாலையைத் தீட்டிய படம் இது. பாதையும் சால்களும் சாய்வாக ஓட, நிழல்கள் குறுக்கே விழுகின்றன. அவற்றை நேர்கோடாக இழுத்தால் வயல் விரித்த பாய்போல் தட்டையாகிவிடும். நிழல் சாலின் மேட்டில் ஏறி, பள்ளத்தில் இறங்கி, நெளிந்து போக வேண்டும்.

சேறாவதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள்: நிழலில் கறுப்பைக் கலப்பது, ஈர வண்ணத்தின் மேல் தூரிகையைத் திரும்பத் திரும்ப ஓட்டுவது. முதலில் காவியும் பச்சையுமாக நிலம் முழுவதையும் மெல்லியதாகத் தீட்டி, விரலில் ஒட்டாத அளவுக்குக் காயவிடுங்கள்; சில நாள் ஆகும். பிறகு நிழலுக்குக் கோபால்ட் நீலம், வெள்ளை, அந்தந்த இடத்து நிறத்தில் ஒரு துளி. பாதைமேல் விழும் நிழலுக்கும் பச்சைமேல் விழும் நிழலுக்கும் ஒரே கலவை ஆகாது. நீலம் ஏனென்றால், நிழலுக்குள் வெயில் நேராக வராது, வானத்து வெளிச்சம்தான் வரும். நிழலில் பனி உருகாமல் கிடப்பதால் அந்த நீலமும் வெளிறியே இருக்கட்டும். வெயில்பட்ட பனிக்கு வெள்ளையில் கடுகளவு மஞ்சள் போதும்.

பன்றிமயிர்த் தூரிகையில் கெட்டியாக எடுத்து ஒரே தீற்றலாக வைத்துவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். வண்ணத்தில் லின்சீட் (ஆளிவிதை) எண்ணெய் கூடினால் தீற்றலின் விளிம்பு கரைந்துவிடும்.

கைத்தடியோடு சுள்ளிக்கட்டு சுமந்து போகும் குடியானவரைக் கடைசியில் ஒட்டவைக்காதீர்கள். நிலத்துக்கு வைத்த கலவையிலேயே, அதே தீற்றலிலேயே அவரும் வரட்டும். முகத்தைத் துல்லியமாக வரையப் போனால் பார்ப்பவர் கண் அங்கேயே நின்றுவிடும். குளிரில் விறகு சுமப்பது அந்தப் பாதையின் அன்றாட வேலை. பிஸாரோ அதைப் பெரிதுபடுத்தாமல் விட்டதுதான் இந்தப் படத்தில் எனக்கு மிகவும் பிடித்தது.

மூலம் பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவர்கள் தளத்திலுள்ள படத்தைப் பார்த்தே பிரதி எடுங்கள். மலிவான அச்சுகளில் இந்த நீலம் சாம்பலாகிவிடுவதுண்டு.