மேசையில் வைத்த ஆயிரம் ரூபாய்

கேள்வி: கிளிநொச்சியில் குடும்பமாக ஓர் உணவகத்துக்குப் போனோம். ரொறன்ரோவிலிருந்து வந்திருந்த என் தம்பி, பரிமாறிய பெடியனுக்கு ஆயிரம் ரூபாய் வைத்தான். அடுத்த கிழமை நாங்கள் மட்டும் போனபோது அவன் எங்களைக் கண்டும் காணாத மாதிரி நின்றான். சாப்பாடு போடுகிறவனுக்குத் தனியாகக் காசு கொடுக்கும் பழக்கம் வன்னியில் எப்போது இருந்தது? வெளிநாட்டுக்காரர் வந்து கெடுத்துவிட்டுப் போகிறார்களே?
- வாசகர் ஒருவர், பரந்தன்

பதில்: முதலில் அந்த ‘அவன்’. உங்கள் தம்பியை அப்படி எழுத உங்களுக்கு உரிமை இருக்கிறது. சோறு கொண்டுவந்து வைத்தவரை ஏன் அப்படி எழுதினீர்கள்? ஊரில் முன்பின் தெரியாத பெடியனையும் ‘தம்பி’ என்றுதானே கூப்பிடுவோம். கடை மேசையில் உட்கார்ந்ததும் அந்தச் சொல் எங்கே போகிறது?

அவர் வேண்டுமென்றே கவனிக்காமல் விட்டிருந்தால் அது பிழைதான். நீங்கள் சாப்பாட்டுக்குக் கொடுக்கும் விலையிலேயே பரிமாறுவதும் அடக்கம். ஆனால் ஆயிரம் ரூபாயை நினைத்துத்தான் அப்படி நின்றார் என்பது உங்கள் ஊகம். எட்டு மேசையை ஒருவராகப் பார்க்கிறவருக்கு எல்லா முகமும் நினைவில் நிற்காது.

வன்னியில் இந்தப் பழக்கம் எப்போது இருந்தது என்கிறீர்கள். இருந்தது. சூடடித்து முடிந்த களத்தில், துணி வெளுத்தவருக்கும் தலைமயிர் வெட்டியவருக்கும் பறை அடித்தவருக்கும் நெல் அளந்து கொடுத்த காலத்தை உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப்பாருங்கள். வருசம் முழுக்கச் செய்த வேலைக்குக் கொடுக்கிறவர் மனம்போல அளந்த நெல். வாங்கியவர் தள்ளி நின்று கடகத்தை நீட்டவேண்டும். குறைகிறது என்று வாய் திறக்க முடியாது. அந்தப் பழக்கம் போனது நல்லது. கூலியை ஒழுங்காகக் கொடுக்காமல், வருகிறவர் முகத்தைப் பார்த்து நிற்கும்படி பெடியளை விட்டால், அதே களத்தைக் கடைக்குள் கொண்டுவந்து வைத்ததாகிவிடும். என் பயம் அதுதான்.

சரி, நீங்கள் சாப்பிட்ட பில்லைப் பார்த்தீர்களா? கொஞ்சம் பெரிய உணவகம் என்றால் கடைசியில் சேவைக் கட்டணம் என்று நூற்றுக்குப் பத்துச் சேர்த்திருப்பார்கள். பலர் அதை அரசாங்க வரி என்று நினைத்துக் கட்டுகிறார்கள். அரசாங்கத்துக்குப் போவது வற் வரி. 2024 ஜனவரியிலிருந்து அது நூற்றுக்குப் பதினெட்டு. சேவைக் கட்டணம் கடை போடுவது.

போன மாதம் ஏ9 வீதியோரம் ஒரு கடையில் எங்கள் பில் 4,620 ரூபாய். அதில் 420 சேவைக் கட்டணம். பில்லைக் கொண்டுவந்த தம்பியிடம், “இந்த 420 உங்களுக்கு வருமா?” என்று கேட்டேன். அவர் காசுமேசைப் பக்கம் ஒருதரம் பார்த்தார். “அது கடைக் கணக்கு ஐயா” என்று மெதுவாகச் சொல்லிவிட்டு மேசையைத் துடைக்கத் தொடங்கினார். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தார். விரல் இடுக்கெல்லாம் சவர்க்காரத் தண்ணியில் ஊறி வெள்ளையாகத் தோல் உரிந்திருந்தது. எனக்குச் சாப்பிட்டது இறங்கவில்லை.

உங்கள் தம்பி இருக்கும் ஒன்ராறியோவில், வாடிக்கையாளர் வைக்கும் ரிப்ஸை முதலாளி தனக்கென்று எடுக்கக்கூடாது என்று 2016இலிருந்து சட்டமே இருக்கிறது. இங்கிலாந்தில் 2024 ஒக்ரோபரில் அப்படி ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. வெளிநாட்டிலிருந்து ஏதாவது எடுப்பதென்றால் இதை எடுப்போம். இங்கே சட்டப்படியான குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாய், 2026 ஜனவரியிலிருந்து 30,000 ரூபாய். இது முதலாளி கொடுக்கவேண்டியது. நீங்கள் வைக்கும் நூறு ரூபாயைக் காட்டி அந்தச் சம்பளத்தில் கைவைக்க யாரையும் விடக்கூடாது.

எவ்வளவு கொடுக்கலாம்? கையில் இருப்பதைப் பொறுத்தது. சேவைக் கட்டணம் போடாத கடையில் மனம் நிறையச் சாப்பிட்டால் நூறோ இருநூறோ வையுங்கள். இல்லாவிட்டால் ஒன்றும் வைக்காமல் எழும்புங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பிளேன்ரீ குடித்துவிட்டு யோசிக்கவே வேண்டாம். ஓட்டோவில் பாரம் தூக்கி உதவினால் மிச்சக்காசை விடுங்கள். கொடுப்பதைக் கோப்பைக்குக் கீழே ஒளிக்காமல், “தம்பி, இது உங்களுக்கு” என்று சொல்லிக் கையில் கொடுங்கள். வங்கி அட்டையில் பில்லோடு கூட்டிக் கட்டினால் அது முதலில் கடைக் கணக்குக்குத்தான் போகும்.

அரசாங்க ஆஸ்பத்திரியிலோ கந்தோரிலோ மட்டும் ‘சந்தோசம்’ என்று ஒரு சதமும் நீட்டாதீர்கள். அங்கே அது லஞ்சம். 2023ஆம் ஆண்டின் ஊழல் எதிர்ப்புச் சட்டத்தில் கொடுப்பவரும் குற்றவாளிதான். அதோடு, உங்களுக்குப் பின்னால் கையில் காசில்லாமல் நிற்கும் அம்மாவுக்குத் தள்ளுவண்டி பிந்தித்தான் வரும்.

இன்னொருவரை நீங்கள் எழுதவே இல்லை. கடைக்குப் பின்பக்கம், வாளிக்கு முன்னால் குந்தியிருந்து கோப்பை கழுவுகிறவர். எங்கள் பக்கத்தில் அந்த வேலையில் இருக்கும் பெண்கள் பலர், போருக்குப் பிறகு தனியாகப் பிள்ளைகளை வளர்க்கிறவர்கள். அவரிடம் எந்த வாடிக்கையாளரும் போவதில்லை. உங்கள் தம்பி இன்னும் திரும்பிப் போகவில்லை என்றால், இன்னொருதரம் அந்தக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். அந்த ஆயிரத்தில் பின்பக்கத்துக்கு ஏதும் போனதா என்று பரிமாறிய தம்பியிடமே கேட்கச் சொல்லுங்கள்.