எழுதினால் வருகிறது, பேசினால் திணறுகிறது

கேள்வி: ஐடி துறையில் ஆறு வருடமாக இருக்கிறேன். மின்னஞ்சல், ரிப்போர்ட் எல்லாம் ஆங்கிலத்தில் தடையில்லாமல் எழுதுவேன். மீட்டிங்கில் யாராவது திடீரென்று என்னிடம் கேள்வி கேட்டால் மட்டும் வாய் அடைத்துப்போகிறது. ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வில் மற்ற மூன்று பகுதிகளிலும் 7க்கு மேல், ஸ்பீக்கிங்கில் 5.5. எனக்கு 7 வேண்டும். இரண்டு இலக்கணப் புத்தகம் முடித்துவிட்டேன், சப்டைட்டிலோடு படங்களும் பார்க்கிறேன். இன்னும் என்ன செய்வது?

பதில்: மூன்றாவது இலக்கணப் புத்தகம் வாங்கும் யோசனை இருந்தால் முதலில் அதைக் கைவிடுங்கள். ஒழுங்காக மின்னஞ்சல் எழுதுகிறவருக்குத் தேவையான இலக்கணமும் சொற்களும் உள்ளே இருக்கின்றன, அவை வாய்க்கு வந்து சேர ஆகிற நேரம்தான் பிரச்சினை. எழுதும்போது அந்த நேரம் கிடைக்கிறது, தப்பாக அடித்ததை அழிக்கலாம், யாரும் எதிரில் உட்கார்ந்து உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கப் போவதில்லை.

ஏன் அவ்வளவு நேரம் ஆகிறது? பலரும் தமிழ் வாக்கியத்தை மனதுக்குள் முழுசாகக் கட்டி முடித்த பிறகே அதை ஆங்கிலத்துக்கு மாற்ற ஆரம்பிக்கிறார்கள். 'கிளையன்ட் நேற்று கேட்ட மாற்றத்தை நாங்கள் இன்னும் முடிக்கவில்லை' என்பதில் முடித்தீர்களா இல்லையா என்பது கடைசிச் சொல்லில்தான் தெரிகிறது. ஆங்கிலத்தில் 'வீ ஹேவன்ட் ஃபினிஷ்ட்' என்று அதுதான் முதலில் வந்தாக வேண்டும், எந்த மாற்றம், யார் கேட்டது, எப்போது கேட்டது எல்லாம் அப்புறம் ஒவ்வொன்றாக வந்து ஒட்டிக்கொள்ளும். அதாவது தமிழ் வாக்கியத்தின் வாலைப் பிடித்து ஆங்கிலத்தை ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. அதனால் யார், என்ன செய்தார் அல்லது செய்யவில்லை என்ற இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு வாயைத் திறந்துவிடுங்கள், மீதியைப் பேசிக்கொண்டே யோசிக்கலாம். ஆரம்பத்தில் வாக்கியங்கள் சின்னச் சின்னதாகத்தான் வரும், வரட்டும்.

இதைப் பழக்க எனக்குத் தெரிந்த நல்ல வழி 4-3-2 என்கிற பயிற்சி. மொழிக் கற்பித்தலில் பெயர் பெற்ற பால் நேஷன் பரவலாக்கியது. ஒரு விஷயத்தை 4 நிமிடம் பேச வேண்டும், உடனே அதே விஷயத்தை 3 நிமிடத்தில், மறுபடியும் 2 நிமிடத்தில். ஒவ்வொரு தடவையும் கேட்பவர் மாற வேண்டும் என்பது மூல முறை, ஆள் கிடைக்காவிட்டால் ஃபோன் ரெக்கார்டரே போதும். மூன்றாவது சுற்றில் என்ன சொல்வது என்ற கவலை போய்விடுகிறது, எப்படிச் சொல்வது என்பதற்கு மட்டும் மூளை வேலை செய்கிறது, வேகம் அங்கேதான் ஏறுகிறது. பலரும் செய்கிற தவறு, தினமும் புதுத் தலைப்பு எடுத்து ஒரே ஒரு தடவை தட்டுத்தடுமாறிப் பேசிவிட்டு விட்டுவிடுவது. தலைப்புக்கு எங்கேயும் போக வேண்டாம், இன்று ஆபீஸில் நீங்கள் செய்த வேலையே தலைப்பு. நாளைக் காலை மீட்டிங்கில் சொல்லப்போவதும் அதைத்தானே.

ரெக்கார்டிங்கைத் திரும்பக் கேளுங்கள். சொந்தக் குரலைக் கேட்பது கூச்சமாக இருக்கும், நான்கைந்து நாளில் சரியாகிவிடும். கேட்கும்போது எல்லாத் தவறுகளையும் குறித்துக்கொண்டு உட்காராதீர்கள், ஒரு வாரத்துக்கு ஒன்றே ஒன்று. தமிழில் 'நேற்றே முடித்திருக்கிறேன்' என்பது சரி, அதே பழக்கத்தில் 'ஐ ஹேவ் கம்ப்ளீட்டட் இட் எஸ்டர்டே' என்று வந்துவிடுகிறது. நேற்று என்று காலத்தைச் சொல்லிவிட்டால் 'ஐ கம்ப்ளீட்டட்'தான். இந்த வாரம் இதை மட்டும் பிடியுங்கள். 'ஐ ஹேவ் எ டவுட்' என்பதற்குப் பதில் வருகிற 'ஐ ஆம் ஹேவிங் எ டவுட்' அடுத்த வாரம்.

உச்சரிப்பு பற்றி ஒரு பயம் நிறையப் பேருக்கு இருக்கிறது, வெள்ளைக்காரர் மாதிரிப் பேச வேண்டுமோ என்று. வேண்டாம். தமிழ் வாடை அடிக்கிறது என்பதற்காக ஐஈஎல்டிஎஸ்ஸில் மதிப்பெண் குறையாது, சொல்வது புரியாமல் போனால்தான் குறையும். புரியாமல் போவதற்கு முக்கியக் காரணம், தமிழில் அசைகளை ஏறக்குறைய ஒரே அழுத்தத்தோடு சொல்லிப் பழகியிருக்கிறோம், ஆங்கிலத்தில் ஒரு அசை தூக்கலாகவும் மற்றவை மெலிந்தும் வர வேண்டும். டெவலப் என்பதில் அழுத்தம் 'வெ'யில், ஃபோட்டோகிராஃப் என்பதில் முதல் அசையில், அதுவே ஃபோட்டோகிராஃபர் ஆனதும் இரண்டாவதுக்கு நகர்ந்துவிடும். இன்னொன்று, ஆங்கில உச்சரிப்பைத் தமிழில் எழுதி வைத்துக்கொள்ளும் பழக்கத்தை விடுங்கள். பை, முதுகு, மூட்டை கட்டுவது மூன்றுக்குமான ஆங்கிலச் சொல்லையும் தமிழில் எழுதினால் 'பேக்' என்றுதான் வரும் (நான் இப்போது இங்கே அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன், வேறு வழியில்லை). அகராதி ஆப்பில் ஒலியைக் கேட்டு, கூடவே சொல்லிப் பாருங்கள்.

மீட்டிங்கில் வாய் அடைப்பதற்கு உடனடி மருந்து, நேரம் வாங்கித் தரும் நாலைந்து வாக்கியங்களை யோசிக்காமலே வரும்படி பழகி வைப்பது. 'லெட் மீ செக் அண்ட் கம் பேக் டு யூ', 'சாரி, குட் யூ சே தட் அகெய்ன்?', 'டூ யூ மீன் தி டெஸ்டிங் பார்ட்?' மாதிரி. கேள்வியைத் திருப்பிக் கேட்டு உறுதி செய்துகொள்வதை யாரும் குறையாக நினைப்பதில்லை, அதற்குள் உங்களுக்கு நாலு விநாடி கிடைத்துவிடும். மீட்டிங் ஆரம்பித்த ஐந்து நிமிடத்துக்குள் எதையாவது ஒரு வார்த்தை பேசியும் விடுங்கள், நேரம் போகப் போக வாய் திறப்பது கஷ்டமாகிக்கொண்டே போகும்.

சரி, ஸ்பீக்கிங் தேர்வு. மொத்தம் 11 முதல் 14 நிமிடம். தடங்கலின்றிக் கோர்வையாகப் பேசுவது, சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு நான்குக்கும் சம மதிப்பு. 7 எடுத்தவரும் தவறே செய்யாதவர் இல்லை, அந்த நிலையிலும் சில இலக்கணப் பிழைகள், கொஞ்சம் தயக்கம், இடையில் திருத்திக்கொள்வது எல்லாம் இருக்கலாம் என்று மதிப்பீட்டு விதியே சொல்கிறது. ஒவ்வொரு வாக்கியத்தையும் பாதியில் நிறுத்தித் திருத்துகிற ஆளாக இருந்தால் அதை விட்டாலே மதிப்பெண் நகரும். மனப்பாடம் செய்த பதில் வேண்டாம், அதைக் கண்டுபிடிக்கத் தேர்வாளருக்குப் பயிற்சி உண்டு. இரண்டாம் பகுதியில் 1 நிமிடம் தயாரிப்பு, பிறகு 2 நிமிடம் வரை பேச்சு. அந்த ஒரு நிமிடத்தில் முழு வாக்கியம் எழுதாமல் ஏழெட்டுச் சொற்களை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

படம் பாருங்கள், சப்டைட்டில் இருந்தால் கண் அதைப் படிக்கப் போய்விடலாம் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

தேர்வு எழுதி எத்தனை நாள் ஆகிறது என்று நீங்கள் சொல்லவில்லை. ஸ்பீக்கிங் மாதிரி ஒரு பகுதியை மட்டும் திரும்ப எழுதும் வசதி ஐஈஎல்டிஎஸ்ஸில் இருக்கிறது, முதல் தேர்விலிருந்து 60 நாளுக்குள் எழுதிவிட வேண்டும். எல்லா மையங்களிலும் கிடையாது, எல்லா நிறுவனங்களும் ஏற்பதும் இல்லை, பணம் கட்டும் முன் இரண்டையும் விசாரியுங்கள். இரண்டு மாதத்தில் 5.5லிருந்து 7 என்பது பெரிய தாவல், எல்லோருக்கும் சொல்ல மாட்டேன். எழுத்தில் ஏற்கெனவே 7க்கு மேல் இருக்கிற உங்களுக்கு முயலலாம் என்று தோன்றுகிறது. நாள் கடந்துவிட்டிருந்தால் அவசரப்பட்டு அடுத்த வாரத் தேதி பதிவு செய்யாதீர்கள், இரண்டு மூன்று மாதம் பேசிவிட்டு முழுத் தேர்வையே எழுதுங்கள்.