காய்ச்சலைவிட மூச்சைப் பாருங்கள்: மாரிகால இன்புளுவென்சா கேள்வி-பதில்

இலங்கையில் இன்புளுவென்சா வருடத்தில் இரண்டு தடவை தலைதூக்கும்: ஏப்ரல், மே, ஜூனில் ஒரு சுற்று, நவம்பர் தொடக்கம் ஜனவரி வரை இன்னொன்று. மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் இந்த இரண்டாவது சுற்றுதான் தொல்லை. மழை, நுளம்பு, வயல் வேலை எல்லாம் ஒரே நேரத்தில் வரும். கேள்விகளும் அப்படியே கலந்துதான் வந்திருக்கின்றன.

அம்மம்மாவுக்கு 78 வயது. சீனி வருத்தமும் பிரசரும் உண்டு. வீட்டில் எல்லோருக்கும் தடிமன், காய்ச்சல். அவவுக்குக் காய்ச்சல் இல்லை. ஆனால் இரண்டு நாளாகச் சாப்பிடுகிறா இல்லை, மாறாட்டமாகக் கதைக்கிறா. வயதின் கோளாறா? (களுவாஞ்சிக்குடி)

வயதின் கோளாறு இரண்டு நாளில் வராது. இன்றைக்கே கூட்டிக்கொண்டு போங்கள், கிளினிக் திகதிவரை வைத்திருக்க வேண்டாம்.

வயதானவர்களின் உடம்பு கிருமியோடு சண்டை பிடிக்கும்போது சூடு ஏறாமலே இருக்கலாம். சாப்பாடு வேண்டாம் என்பது, குழம்பிப் பேசுவது, நடக்கும்போது விழுவது, எந்நேரமும் தூங்குவது, இவைதான் அவர்களிடம் இன்புளுவென்சா காட்டும் அடையாளங்கள். சாப்பிடாமல் சீனிக் குளிசையை மட்டும் போட்டால் சீனி சடாரென்று இறங்கக்கூடும். மாறாட்டத்துக்கு அதுவும் காரணமாகலாம். வீட்டில் மெஷின் இருந்தால் உடனே குத்திப் பாருங்கள்.

இதயத்தையும் மறக்கக் கூடாது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் செய்து 2018இல் வெளியான ஆய்வில், இன்புளுவென்சா உறுதியான முதல் ஏழு நாளில் மாரடைப்பு வரும் வாய்ப்பு சுமார் ஆறு மடங்காக இருந்தது. அதனால் நெஞ்சு இறுக்கம், குளிர்ந்த வியர்வை வந்தால் 'வாய்வு' என்று இஞ்சித் தண்ணி கொடுத்துப் படுக்க வைக்காதீர்கள். 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் வரும், காசில்லை.

மகளுக்கு மூன்று வயது, 12 கிலோ. காய்ச்சல் எத்தனை பாகை போனால் ஆஸ்பத்திரி? (ஏறாவூர்)

பாகையைவிட மூச்சை எண்ணுவது உதவும். பிள்ளை அழாமல் இருக்கும்போது சட்டையை உயர்த்தி, ஒரு முழு நிமிடம் நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ணுங்கள். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்க வேண்டாம், பிழைக்கும். ஒன்று முதல் ஐந்து வயதுவரை 40 அல்லது அதற்கு மேல் என்றால் வேகம், ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும். இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50, இரண்டு மாதத்துக்குக் கீழே 60. மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தால் எண்ணிக்கொண்டு நிற்க வேண்டாம், கிளம்புங்கள். வலிப்பு வந்தாலும், குடிப்பதெல்லாம் வாந்தியாகப் போனாலும், சலம் போவது குறைந்தாலும் அப்படித்தான்.

பனடோல் (பரசிட்டமோல்) ஒரு வேளைக்கு கிலோவுக்கு 15 மில்லிகிராம். உங்கள் மகளுக்கு 180. ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, நாளுக்கு நான்கு வேளைக்கு மேல் வேண்டாம். பாணி மருந்துப் போத்தலில் எத்தனை மில்லிலீட்டரில் எத்தனை மில்லிகிராம் என்று எழுதியிருப்பதைப் பார்த்து அளந்து கொடுங்கள். அஸ்பிரின் பிள்ளைகளுக்குக் கொடுக்கவே கூடாது.

எட்டு வயது மகனுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. காலையில் எழும்பி, கெண்டைக்கால் நோகுது, நடக்க மாட்டேன் என்று அழுகிறான். (ஆரையம்பதி)

இன்புளுவென்சா, முக்கியமாக 'பி' வகை, பள்ளிக்கூட வயதுப் பிள்ளைகளின் தசையைத் தாக்குவது உண்டு. பார்க்கப் பயமாக இருக்கும், பெரும்பாலும் சில நாளில் தானாகச் சரியாகும். எதற்கும் ஒருமுறை டொக்டரிடம் காட்டுங்கள். சலம் தேயிலைச் சாயம் மாதிரிப் போனால் தாமதிக்கக் கூடாது.

டெங்குவா, இதுவா? (காத்தான்குடி)

மூக்கொழுகல், தொண்டை நோவு, இருமல் முன்னுக்கு நின்றால் இன்புளுவென்சாப் பக்கம் சாயலாம். ஆனால் இந்த மாதங்களில் சும்மா ஊகித்து இருந்துவிட முடியாது. மூன்றாம் நாளும் காய்ச்சல் என்றால் எஃப்.பி.சி. (இரத்த அணுக்களை எண்ணும்) பரிசோதனை செய்யுங்கள். அதுவரை பனடோல் மட்டும். புரூஃபென், டைக்ளோஃபெனக் போன்ற நோவுக் குளிசைகள் வேண்டாம். இன்னொன்று, இன்புளுவென்சாவில் காய்ச்சல் இறங்கினால் பொதுவாக நிம்மதி. டெங்குவில் இறங்கும் நேரம்தான் கண்காணிக்க வேண்டிய நேரம்.

வயது 32. நாலு நாளில் சுகமாகி வயலுக்குப் போனேன். ஏழாம் நாள் திரும்பக் குளிர் காய்ச்சல், மஞ்சள் சளி. பனி பட்டதா? (அக்கரைப்பற்று)

பனி இல்லை. சுகமாகி வந்த ஆளுக்குக் காய்ச்சல் திரும்பி வருவதை நான் முதல் காய்ச்சலைவிடப் பாரதூரமாக எடுப்பேன். வைரஸ் புண்ணாக்கிய நுரையீரலுக்குள் பக்டீரியா புகுந்து நிமோனியா ஆவது இப்படித்தான். 1918 பெருந்தொற்றில் இளவயதினர் உட்படப் பெரும்பாலானோரின் உயிரை எடுத்ததும் இதுதான். முதல் நாளே எல்லோரும் கேட்கும் அன்டிபயோட்டிக்குக்கு உண்மையான வேலை இந்த இடத்தில்தான். மருந்துப் பெட்டியில் மிஞ்சிக் கிடக்கும் அமொக்சிசிலினைப் போடாமல் எக்ஸ்ரே எடுக்கப் போங்கள். வயலில் இறங்கியதையும் டொக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள், எலிக்காய்ச்சலையும் யோசிக்க வேண்டும்.

ஏழு மாதக் கர்ப்பிணி. தடுப்பூசி போடலாமா? போட்டால் காய்ச்சல் வரும் என்கிறார்கள். (வாழைச்சேனை)

போடலாம், எந்த மாதத்திலும். கர்ப்பிணிகளுக்குப் போடும் ஊசியில் உயிருள்ள வைரஸ் இல்லை, அதனால் நோய் வராது. கை நோவு, ஒரு நாள் உடம்பு அலுப்பு வரலாம். ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு இந்த ஊசி போட முடியாது; உங்களிடமிருந்து போகும் எதிர்ப்பு சக்திதான் அதற்குக் காவல். தனியார் மருத்துவமனைகளில் விசாரியுங்கள். இதற்கிடையில் காய்ச்சல் வந்தால் முதல் 48 மணித்தியாலத்துக்குள் டொக்டரிடம் போங்கள், இன்புளுவென்சா வைரஸுக்கான ஒசெல்டமிவிர் மருந்து நன்றாக வேலை செய்வது அப்போதுதான்.

கொத்தமல்லி அவித்துக் குடிக்கலாமா? (பெயர், ஊர் இல்லை)

தாராளமாக. தொண்டைக்கு இதம், உடம்புக்குத் தண்ணியும் சேரும். ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு மட்டும் தேன் கலந்து எதையும் கொடுக்க வேண்டாம்.