நாற்பது குழந்தைகளின் விவரம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நான் குழந்தைகள் பிரிவு ஒன்றின் பொறுப்பில் இருக்கிறேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இளம் மருத்துவர்கள் மாறி மாறி வருவார்கள். ஆளுக்கு ஓர் ஆய்வு செய்தாக வேண்டும் என்பது விதி. ஆர்வமாகத் தொடங்குகிறார்கள், பாதியில் நின்றுபோகிறது. இப்போது இருப்பவர், நிமோனியாவுக்கு இரண்டு ஆன்டிபயாட்டிக்குகளில் எது மேலானது என்று பார்க்கக் கிளம்பினார். நாற்பது குழந்தைகளின் விவரம் சேர்ந்திருக்கிறது. அடுத்த மாதம் வேறு பிரிவுக்குப் போகிறார். இரவு டியூட்டி முடித்துத் தூங்காமல் கேஸ் ஷீட் புரட்டிக்கொண்டிருப்பவரைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. நாட்டம் உள்ள சிலரிடம் மட்டும் ஆய்வை விட்டுவிட்டு, மற்றவர்களை நோயாளிகளைக் கவனிக்க விடுவதுதானே நியாயம்? அந்த நாற்பது பேரின் விவரத்தை என்ன செய்வது?

பெயர் வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள டாக்டர்,

அந்த இளம் மருத்துவர் தன் கேள்வியைத் தேர்ந்தெடுத்த அன்று அவருடன் யார் உட்கார்ந்திருந்தார்கள்? உங்கள் கடிதத்தில் அது இல்லை. அநேகமாக யாரும் இருந்திருக்க மாட்டார்கள். "நல்ல தலைப்பாக யோசித்துக்கொண்டு வாருங்கள்" என்று சொல்லி அனுப்பிவிடுவதுதான் பல இடங்களில் வழக்கம். ஆய்வு நின்றுபோவது ஆறாவது மாதத்தில் அல்ல, அன்றைக்கே.

கணக்கைப் பாருங்கள். ஒரு மருந்து நூற்றில் பத்துக் குழந்தைகளுக்குப் பலிக்கவில்லை, இன்னொன்று ஐந்து பேருக்குப் பலிக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். இந்த வித்தியாசத்தை 80 சதவீத வாய்ப்போடு கண்டுபிடிக்க, தற்செயலை வித்தியாசம் என்று தவறாக நம்பிவிட வழக்கமான 5 சதவீத வாய்ப்பை மட்டும் விட்டு, மருந்துக்குச் சுமார் 435 குழந்தைகள் வேண்டும். மொத்தம் 870. ஒரே பிரிவில், ஆறு மாதத்தில், டியூட்டிக்கு நடுவே இதைச் செய்து முடிக்க யாராலும் முடியாது. அவர் சோம்பியதால் நிற்கவில்லை. முடியாத வேலையைத் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறார், யாரும் சொல்லவில்லை. விவரமெல்லாம் சேர்த்த பிறகு புள்ளியியலாளரைத் தேடிப் போகும் பழக்கத்தை மாற்றி, முதல் வாரத்திலேயே ஒரு மணி நேரம் அவர் முன்னால் உட்கார வைத்திருந்தால் கேள்வி அன்றே சுருங்கியிருக்கும்.

குழந்தைகள் விஷயத்தில் இளம் மருத்துவரைத் தனியே விடுவது இன்னும் கொடுமை. ஒரு கிலோ எடையில் குறைமாதத்தில் பிறந்த குழந்தையின் உடலில் மொத்த ரத்தமே 100 மில்லிக்குள்தான். ஆய்வுக்காகக் கூடுதலாக இரண்டு மில்லி எடுத்தால் அது நூற்றில் இரண்டு பங்குக்கும் மேல். பிறந்து மூன்று நாளான குழந்தையையும் பதினான்கு வயதுப் பிள்ளையையும் ஒரே அட்டவணையில் போட்டால், நாடித்துடிப்பின் சராசரி எதையும் சொல்லாது. சம்மதம் கேட்பது எல்லாவற்றையும்விடக் கடினம். பிள்ளைக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போது தாயிடம் போய்ப் படிவத்தை நீட்ட வேண்டும். விவரம் தெரிந்த பிள்ளை என்றால் அதனிடமும் கேட்க வேண்டும், அது வேண்டாம் என்றால் மதிக்க வேண்டும். இதை எப்படிப் பேசுவது என்று புத்தகம் கற்றுத்தராது. முதல் சில முறை நீங்கள் பேசுங்கள், அவர் பக்கத்தில் நின்று கேட்கட்டும்.

நாட்டம் உள்ளவர்களிடம் மட்டும் விடலாமே என்கிறீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 1956இல் இங்கிலாந்தின் ரோச்ஃபோர்ட் மருத்துவமனையில், குறைமாதக் குழந்தைகள் பிரிவைப் பார்த்துக்கொண்ட செவிலியர் ஜீன் வார்ட், மருத்துவர்களிடம் ஒரு குழந்தையைத் தயக்கத்தோடு காட்டினார். வெயில் பட்ட தோலில் காமாலையின் மஞ்சள் வெளுத்திருந்தது, துணி மூடியிருந்த இடத்தில் மட்டும் அழுத்தமாக இருந்தது. மருத்துவர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பின்னொரு நாள் ஜன்னலோரம் வெயிலில் கிடந்த ரத்த மாதிரிக் குப்பியில், காமாலைக்கு மஞ்சள் நிறம் தரும் பிலிருபின் எதிர்பாராத அளவு குறைந்திருந்தபோதுதான் சந்தேகம் தட்டியது. மருத்துவர் க்ரீமர், உயிர்வேதியியலாளர் பெர்ரிமன் முதலானோர் அதை முறையாகச் சோதித்து 1958இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். பச்சிளங்குழந்தையின் காமாலைக்கு இன்று உலகமெங்கும் தரும் ஒளி சிகிச்சை இப்படித் தொடங்கியது. ஆய்வு நாட்டம் உள்ளவர் யார் என்று அன்றைக்குப் பட்டியல் போட்டிருந்தால் செவிலியர் ஜீன் வார்டின் பெயர் அதில் இருந்திருக்குமா? கவனிப்பது வார்டில் நிற்பவர்களுக்கு வாய்ப்பது. இரவெல்லாம் குழந்தை பக்கத்தில் இருப்பவர் உங்கள் இளம் மருத்துவர்தான்.

பெரிய கேள்விகளை விட்டுவிடச் சொல்லவில்லை. அவற்றுக்குப் பல மருத்துவமனைகள் சேர வேண்டும். 2011இல் வெளியான ஃபீஸ்ட் ஆய்வில் உகாண்டா, கென்யா, தான்சானியா நாடுகளின் ஆறு மருத்துவமனைகளிலிருந்து, கடும் காய்ச்சலோடு ரத்த ஓட்டம் குன்றி வந்த 3,141 குழந்தைகள் சேர்க்கப்பட்டார்கள். வயிற்றுப்போக்கால் வந்தவர்கள் இதில் இல்லை. சலைன் என்ற உப்பு நீரையோ அல்புமின் என்ற ரத்தப் புரதக் கரைசலையோ வேகமாக ஏற்றினால் உயிர் பிழைக்கும் என்று அதுவரை நம்பியிருந்தோம். ஏற்றியவர்களில் 48 மணி நேரத்துக்குள் இறந்தவர்கள் சலைனுக்கு 10.5, அல்புமினுக்கு 10.6 சதவீதம். ஏற்றாதவர்களில் 7.3. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது. நல்ல எண்ணத்தோடு செய்துகொண்டிருந்ததை ஒருமுறை நிறுத்திக் கேட்டதால்தான் தெரிந்தது. பக்கத்து மருத்துவமனைகளோடு பேசி ஒரே படிவத்தில் ஒரே கேள்வியைக் கேட்டால், இனி உங்கள் பிரிவில் சேரும் நாற்பது குழந்தைகளும் அப்படியொரு ஆய்வில் பங்காவார்கள்.

நடைமுறைக்கு வருகிறேன். நேரத்தை டியூட்டி பட்டியலில் எழுதுங்கள். வாரத்தில் அரை நாள், அந்த நேரத்துக்கு வார்டைப் பார்க்க வேறொருவர் பெயரோடு. "கிடைக்கும்போது செய்" என்றால் தூக்கத்திலிருந்துதான் எடுப்பார்கள். விவரம் சேர்க்கும் முன்பே முடிவில் வரப்போகும் அட்டவணைகளை எண்கள் இல்லாமல் வரையச் சொல்லுங்கள். எந்தக் கட்டத்துக்கும் சேராத கேள்விகள் படிவத்திலிருந்து தாமாக விழுந்துவிடும். பிறகு பத்து கேஸ் ஷீட்டுகளை மட்டும் எடுத்துப் பார்க்கட்டும். பாதியில் எடையே குறித்திருக்காது. அது பத்தாவதில் தெரிவது நல்லது, நூறாவதில் தெரிந்து பயனில்லை. கட்டுரையில் யார் பெயர் எந்த வரிசையில் வரும் என்பதையும் முதல் நாளே எழுதி வையுங்கள். நாசூக்காகத் தள்ளிப்போட்டால் பின்னால் மனக்கசப்பு வரும்.

அந்த நாற்பது பேரின் விவரத்தைக் கொண்டு எந்த மருந்து மேலானது என்று சொல்ல முடியாது, முயலவும் வேண்டாம். ஆனால் வேறு கேள்விகளுக்கு அது போதும். மருத்துவமனையில் சேர்க்கும்போது மூச்சு எண்ணிக்கையும் ஆக்சிஜன் அளவும் எத்தனை பேருக்குக் குறிக்கப்பட்டன? மருந்தின் அளவு எடைக்குச் சரியாக இருந்ததா? கேள்வி மாறுவதால், ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவிடம் எழுதிக் கேளுங்கள். அனுமதி கிடைத்தால் இவர் இந்த மாதமே எண்ணி முடித்துப் பிரிவுக் கூட்டத்தில் சொல்லட்டும். அடுத்து வருபவர், குறைகளைச் சரிசெய்த பிறகு இன்னொரு நாற்பது பேரை எடுத்து மறுபடி அளக்கலாம். கைமாற்றும் நாளில் நீங்கள் மூவரும் சேர்ந்து உட்காருங்கள். கோப்பு பிரிவிலேயே இருக்கட்டும், அவருடைய சொந்த மடிக்கணினியில் வேண்டாம்.

அன்புடன்.