இரண்டு கரிநெருப்புகள்

அன்புள்ள அக்காவுக்கு,

கூடலூர் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள் நான். தாத்தா காலத்தில் இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பம். இப்போது குன்னூரில் வேலை. பாடகர் குழுவில் இருக்கிறேன், ஞாயிறு பள்ளியில் ஆறு வருடமாகப் பாடம் எடுக்கிறேன். கூட்டங்களில் சாட்சி சொல்கிறவர்கள், "இன்று காலை இயேசப்பா என்னோடு பேசினார்" என்கிறார்கள். எனக்கு அப்படி எதுவும் நடந்ததில்லை. முழங்கால் போட்டால் மனப்பாடமான வரிகள்தான் வருகின்றன. தனிப்பட்ட உறவு என்கிறார்களே, அது எப்படி வரும்? அது இல்லாமல் பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பது ஏமாற்று வேலை போல உறுத்துகிறது. நிறுத்திவிடட்டுமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தங்கைக்கு,

"மனப்பாடமான வரிகள்" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தில் நின்றுவிட்டேன். நானும் அங்கே வெகுகாலம் இருந்தவள்.

நான் வளர்ந்தது ஊட்டியில். ஜனவரி ராத்திரிகளில் புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துவிடும். அம்மா ஒரு பழைய இரும்புச் சட்டியில் கரியைப் போட்டு, அடுப்பிலிருந்து நாலு கங்கு எடுத்து அதன்மேல் வைத்து ஊதுவார். கதவை ஒரு விரற்கடை திறந்துவைத்துவிட்டு எல்லோரும் சுற்றி உட்காருவோம். குடும்ப ஜெபமும் அங்கேதான். அந்தச் சட்டியைச் சுற்றி யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை, எல்லோர் கண்ணும் கங்குகளின் மேலேயே இருக்கும். அதனாலோ என்னவோ, சொல்ல முடியாததெல்லாம் அங்கே வாயில் வந்துவிடும். அண்ணன் பரீட்சையில் தவறியதை அங்கேதான் சொன்னான்.

அப்பா இறந்த பிறகு வீட்டுப் பங்கு விஷயத்தில் எனக்கும் என் தங்கைக்கும் சண்டை. நான் சொல்லக்கூடாத ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டேன். இரண்டு வருடம் பேச்சில்லை. அந்த இரண்டு வருடத்தில் ஒருநாள்கூட நான் ஜெபத்தை விட்டதில்லை. ஊழியக்காரர்களுக்காக, மழைக்காக, அடுத்த வீட்டு நோயாளிக்காக, எல்லாவற்றுக்காகவும் ஜெபித்தேன். தங்கை பெயர் மனதில் வந்தால் மட்டும் சட்டென்று அடுத்த காரியத்துக்குத் தாவிவிடுவேன். ஜெபம் காய்ந்து போயிற்று. ஆண்டவர் தூரமாகிவிட்டார் என்று அவர்மேலேயே குறைப்பட்டுக்கொண்டேன்.

அப்புறம் ஒரு குளிர்கால ராத்திரி, அதே சட்டிக்கு முன்னால் யோவான் சுவிசேஷம் வாசித்துக்கொண்டிருந்தேன். 18ஆம் அதிகாரத்தில், இயேசுவைப் பிடித்துக் கொண்டுபோன ராத்திரி, பிரதான ஆசாரியனின் முற்றத்தில் வேலைக்காரர்கள் கரிநெருப்பு மூட்டிக் குளிர்காய்கிறார்கள். இயேசுவின் சீடன் பேதுருவும் அவர்களோடு நிற்கிறான். எருசலேமும் மலை ஊர்தான், ஏறக்குறைய 750 மீட்டர் உயரம். பஸ்கா பண்டிகை சமயத்து ராத்திரி குளிரும். அந்த ராத்திரியில்தான் அவன் மூன்று தடவை இயேசுவைத் தெரியாது என்கிறான்.

21ஆம் அதிகாரத்தில் மறுபடி கரிநெருப்பு. இந்தத் தடவை இயேசு உயிர்த்தெழுந்த பிறகு, கலிலேயாக் கடற்கரையில். கிரேக்கத்தில் இந்தச் சொல் புதிய ஏற்பாடு முழுவதிலும் இந்த இரண்டு இடங்களில் மட்டும்தான் வருகிறது. கலிலேயாக் கடல் சமுத்திர மட்டத்துக்கும் 200 மீட்டருக்கு மேல் தாழ்வானது, நம் மலைக் குளிர் அங்கே கிடையாது. இந்த நெருப்பை மூட்டியவர் இயேசு, அதன்மேல் மீன் வைத்திருக்கிறார். மீன்பிடி படகிலிருந்து கடலில் குதித்து நீந்தி வந்த பேதுரு நனைந்த துணியோடு அந்த நெருப்புக்கு முன் நிற்கிறான். அந்த வாடை அவன் மூக்கில் ஏறியதும் எந்த ராத்திரி ஞாபகம் வந்திருக்கும்?

எதையும் விசாரிக்காமல் இயேசு, சாப்பிட வாருங்கள் என்கிறார். சாப்பிட்ட பிறகுதான் மூன்று தடவை, என்னை நேசிக்கிறாயா என்று கேட்கிறார். ஏன் மறுதலித்தாய் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. மூன்றாம் தடவை பேதுரு துக்கப்பட்டான் என்று யோவான் எழுதுகிறார். அந்த வரியில் நான் அழுதுவிட்டேன். அன்றைக்குத்தான் முதல் தடவையாகத் தங்கையின் பெயரைச் சொல்லி, நான் சொன்ன அந்த வார்த்தையையும் அப்படியே அவர் முன்னால் சொன்னேன். குரல் எதுவும் கேட்கவில்லை. ஆனால் தனியாக உட்கார்ந்திருக்கவில்லை என்று தெரிந்தது. இதற்கு மேல் அதை விளக்க எனக்கு வராது.

அதனால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். ஜெபத்தில் நீங்கள் சுற்றிக்கொண்டு போகிற இடம் எது? எனக்கு எழுத வேண்டாம், அவரிடம் சொல்லுங்கள். கோபமென்றால் கோபமாகவே சொல்லுங்கள். சங்கீதங்களில் பாதி அப்படித்தானே இருக்கிறது!

எப்படித் தொடங்குவது என்றால், சுவிசேஷத்தில் ஒரே ஒரு காட்சியை எடுத்து ஒரு வாரம் முழுக்க அதிலேயே இருங்கள். காலையில் வீடு எழுவதற்கு முன் பத்து நிமிடம் போதும். இயேசுவும் ஜெபிக்க "இருட்டோடே எழுந்து" போனவர்தான் என்று மாற்கு சொல்கிறார். அங்கே யார் நிற்கிறார்கள், என்ன வாடை, நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று பாருங்கள். பிறகு ஒரு சிநேகிதரிடம் பேசுவது போலப் பேசுங்கள். 16ஆம் நூற்றாண்டில் இயேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவற சபையைத் தொடங்கிய இஞ்ஞாசியார் கற்றுக்கொடுத்த வழி இது. அவருடைய சபையார் கொடைக்கானல் பக்கம் செண்பகனூரில் 1895லிருந்து இருக்கிறார்கள். நான் சி.எஸ்.ஐ.க்காரி (தென்னிந்தியத் திருச்சபை), கத்தோலிக்கர் இல்லை, ஆனாலும் இந்த விஷயத்தில் அவருக்கு நன்றியுள்ளவள். சில நாள் ஒன்றும் வராது. பரவாயில்லை, சும்மா உட்கார்ந்திருங்கள்.

சாட்சி சொல்கிறவர்களோடு உங்களை ஒப்பிட வேண்டாம். அவர்கள் பொய் சொல்லவில்லை, அவரவருக்கு அவரவர் வழி.

ஞாயிறு பள்ளியை நிறுத்தாதீர்கள். பேதுரு இன்னும் நனைந்த துணியோடு இருக்கும்போதே, "என் ஆட்டுக்குட்டிகளை மேய்ப்பாயாக" என்கிறார் ஆண்டவர். வருகிற ஞாயிறு பிள்ளைகளுக்கு இந்தக் கதையையே சொல்லுங்கள். வலையில் எத்தனை மீன் பிடிபட்டது என்று நிச்சயம் கேட்பார்கள். 153.

அன்புடன்,
அக்கா