காலையில் முரண்டு பிடிக்கும் ரயில் எஞ்சின்: கடைக்காரர் மேல் புகார் கொடுக்கலாமா?

கேள்வி: பேரனுக்காக ஆன்லைனில் எச்ஓ அளவு (நிஜ ரயிலில் 87-இல் ஒரு பங்கு) மாதிரி ரயில் செட் ஒன்று வாங்கினேன். கொஞ்ச நாள் நன்றாக ஓடியது. அப்புறம் கிறீச் என்று சத்தம் வந்ததால் எஞ்சினின் அடி மூடியைக் கழற்றி, பல்சக்கரங்களில் தேங்காய் எண்ணெய் விட்டேன். இப்போது திக்கித் திக்கி ஓடுகிறது. காலையில் கையால் தள்ளிவிட்டால்தான் நகரும். மதியத்துக்கு மேல் பரவாயில்லை. விற்ற கடை, ‘தண்டவாளத்தில் அழுக்கு இருக்கும், நாங்கள் பொறுப்பல்ல’ என்று கைவிரித்துவிட்டது. நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாமா, இல்லை புது எஞ்சினே வாங்கிவிடலாமா?
– அருவங்காடு வாசகர்

பதில்: இப்போதைக்கு இரண்டுமே வேண்டாம். காலையில் நகராது, மதியம் ஓடும் என்கிறீர்களே, பாதி விடை அதிலேயே இருக்கிறது. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறையத் தொடங்கும். உங்கள் நீலகிரிக் குளிரில் பாட்டிலை வெயிலில் வைத்து உருக்கித்தானே தலைக்குத் தேய்க்கிறீர்கள்? பல்சக்கர இடுக்கிலும் அது அப்படித்தான் கட்டியாகி நிற்கிறது.

ஆனால் கடைக்காரர் சொன்னதையும் ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. மின்சாரம் வராமல் திணறுகிறதா, பல்சக்கரம் இறுகித் திணறுகிறதா என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். எஞ்சினில் முன்விளக்கு இருந்தால் வேலை சுலபம். திக்கும்போது விளக்கும் சேர்ந்து மினுக்கினால் மின்சாரம் விட்டு விட்டு வருகிறது என்று அர்த்தம். விளக்கு நின்று எரிய, எஞ்சின் மட்டும் முக்கினால் கோளாறு உள்ளே. எப்போதும் ஒரே இடத்தில் நின்றால் அங்கே தண்டவாள இணைப்புத் தகடு தளர்ந்திருக்கலாம். எஞ்சினைக் குறை சொல்லிப் பயனில்லை.

இந்த ரயிலுக்கு 12 வோல்ட் வரையிலான நேர்மின்சாரம் (டிசி) இரண்டு தண்டவாளங்கள் வழியாகத்தான் போகிறது. சக்கரம் தண்டவாளத்தைத் தொடும் இடம் குண்டூசி முனை அளவுகூட இருக்காது. அங்கே லேசாக எண்ணெய்ப் பிசுக்கோ தூசியோ படிந்தாலும் போதும், மின்சாரம் அறுந்து அறுந்து வரும். உங்கள் தண்டவாளம் மஞ்சளாக இருந்தால் அது பித்தளை. மலைப் பனியின் ஈரத்தில் சீக்கிரம் கறுத்துவிடும், அந்தக் கறுப்பு மின்சாரத்தைத் தடுக்கும். வெள்ளி நிறத்தில் இருக்கும் நிக்கல் சில்வர் தண்டவாளத்தில் இந்தத் தொல்லை குறைவு. மாற்றும் எண்ணம் வந்தால் அதையே கேட்டு வாங்குங்கள்.

சக்கரத்தைத் துடைக்க எளிய வழி ஒன்று உண்டு. டிஷ்யூ பேப்பரை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்துத் தண்டவாளத்தின் குறுக்கே போடுங்கள். முன்சக்கரங்கள் பேப்பர் மேலும் பின்சக்கரங்கள் வெறும் தண்டவாளத்திலும் இருக்கும்படி எஞ்சினைக் கையில் பிடித்துக்கொண்டு மின்சாரம் கொடுங்கள். சக்கரம் சுழலச் சுழலப் பேப்பரில் இரண்டு கறுப்புக் கோடுகள் விழும். கோடு விழுவது நிற்கும் வரை பேப்பரை மாற்றி மாற்றிச் செய்யுங்கள். வீட்டில் இருக்கும் சானிடைசர் ஜெல்லைப் போடாதீர்கள். அதில் கிளிசரின் கலந்திருக்கும், காய்ந்ததும் புதுப் பிசுக்கு. உப்புத்தாளும் ஸ்டீல் உல்லும் கூடவே கூடாது. ஸ்டீல் உல்லில் உதிரும் இரும்புத் துகளை மோட்டாரின் காந்தம் உள்ளே இழுத்துக்கொள்ளும்.

எண்ணெயை எடுக்க அடி மூடியைத் திரும்பத் திறக்கத்தான் வேண்டும். மோட்டாரைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, பிளாஸ்டிக் பல்சக்கரங்களை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் பழைய டூத் பிரஷால் தேய்த்துக் கழுவி, நன்றாக உலரவிடுங்கள். அச்சில் முடியோ கம்பளி நூலோ சுற்றியிருந்தால் அதையும் உருவி எடுங்கள். ரயிலைத் தரைவிரிப்பில் ஓடவிடும் வீடுகளில் இது இல்லாமல் இருக்காது. பிறகு பிளாஸ்டிக்கைக் கெடுக்காத மெல்லிய எண்ணெய், அச்சுக்கு ஒரு சொட்டு. மோட்டாருக்குள் மின்சாரத்தைக் கடத்தும் கார்பன் பிரஷ் பக்கம் ஒரு துளிகூடப் போகக் கூடாது.

கழுவும்போதே பல்சக்கரங்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மயிரிழை போல விரிசல் தெரிந்தால், அல்லது ஓடும்போது சக்கரம் ஒரு சுற்று சுற்றுவதற்கு ஒரு முறை ‘டக்’ என்று கேட்டால், அது அழுக்கின் வேலை இல்லை. பொருளிலேயே குறை இருக்கலாம். அப்போதுதான் உங்கள் புகாருக்குக் கால் முளைக்கும். போட்டோ, வீடியோ எடுத்து, ரசீதோடு கடைக்கு எழுத்தில் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையவில்லை என்றால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே மனுப் போடலாம். கடை டெல்லியில் இருந்தாலும் சரி. பிரச்சினை எழுந்ததிலிருந்து 2 ஆண்டு அவகாசம் உண்டு. 5 லட்சம் ரூபாய் வரை உள்ள பொருளுக்குக் கட்டணம் இல்லை. ஒன்றை மட்டும் மறைக்காதீர்கள்: குறை இருக்கிறதா என்று பார்க்க ஆணையம் பொருளைப் பரிசோதனைக்கு அனுப்பலாம், தேங்காய் எண்ணெய் அங்கே தானாகவே சாட்சி சொல்லிவிடும். வாரண்டி அட்டையில் ‘திறந்தால் செல்லாது’ என்று இருக்கிறதா என்பதையும் முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

கேள்வி: ஊட்டி ரயில் மாதிரியே செங்குத்தாகச் சரிவு வைத்து லேஅவுட் செய்தேன். எஞ்சின் பாதியில் சக்கரம் வழுக்கி நிற்கிறது. எஞ்சின் மட்டமா?
– கேத்தி வாசகர்

பதில்: எஞ்சின் பாவம். கல்லாறு முதல் குன்னூர் வரை அந்த ரயில் ஏறுவது, சுமார் 12 அடிக்கு ஓர் அடி உயரும் இடங்களில்கூட, தண்டவாளத்தின் நடுவே இருக்கும் பல்சட்டத்தைப் பிடித்துக்கொண்டுதான். உங்கள் எஞ்சினுக்கு அந்தப் பல் இல்லை. 100 செ.மீ. நீளத்துக்கு 2, மிஞ்சினால் 3 செ.மீ. உயரம் வையுங்கள், வளைவில் இன்னும் குறைத்துக்கொள்ளுங்கள். அப்படியும் வழுக்கினால் சக்கரத்தில் ரப்பர் வளையம் இருக்கிறதா, காய்ந்து தளர்ந்துவிட்டதா என்று பாருங்கள். அதை மட்டும் தனியாக வாங்கி மாட்டலாம்.

கேள்வி: அமெரிக்காவிலிருந்து மகள் கொண்டுவந்த மாதிரி ரயில் செட்டின் பவர் பேக்கை (தண்டவாளத்துக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டி) நேராக பிளக்கில் சொருகலாமா?
– கோத்தகிரி வாசகி

பதில்: அதன் பின்பக்கம் படியுங்கள். 100–240 வோல்ட் என்று இருந்தால் தாராளமாக. 120 மட்டும் இருந்தால் வேண்டாம். நம் வீட்டு 230 வோல்ட்டில் கருகிவிடும். மின்னழுத்தத்தைக் குறைக்கும் ஸ்டெப்–டவுன் டிரான்ஸ்பார்மர் வைத்தே சொருகுங்கள்.